சுழல் நகர்ந்தால் சூடு: உயர்வெப்ப மீக்கடத்திகளுக்குள் காந்தச் சுழல்கள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரவ நைட்ரஜனில் வேலை செய்யும் மீக்கடத்தி டேப்பை (மின்தடை இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் மெல்லிய பட்டை) முதல் தடவை கையில் எடுப்பவர்களும், எம்.எஸ்சி.யில் இந்தப் பாடம் வந்து குழம்பி நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சமன்பாடுகளை வாக்கியமாகவே சொல்லியிருக்கிறேன். எண்கள் இருக்கும், அவற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள், விஷயமே அவற்றில்தான் இருக்கிறது.

மின்தடை பூஜ்யம் என்றுதானே படித்தோம்? அப்புறம் ஆற்றல் இழப்பு எங்கிருந்து வருகிறது?

பூஜ்யம்தான், ஆனால் நிபந்தனையோடு. 1911இல் லைடனில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தில் பார்த்தது முதல் வகை மீக்கடத்தி. அது காந்தப்புலத்தை உள்ளே விடாது, தாங்க முடியாத அளவு புலம் வந்தால் மொத்தமாகச் சாதாரண உலோகமாகிவிடும். இரண்டாம் வகை வேறு மாதிரி. கொஞ்சம் புலம் வரை வெளியே நிறுத்தும், அதைத் தாண்டினால் புலத்தை மெல்லிய இழைகளாக உள்ளே விட்டுவிட்டு மிச்ச இடமெல்லாம் மீக்கடத்தியாகவே தொடரும். அந்த இழைகள்தான் சுழல்கள். காந்தம் சுற்றவோ கேபிள் போடவோ உதவும் மீக்கடத்திகள் எல்லாமே இந்த இரண்டாம் வகைதான், 1986க்குப் பிறகு வந்த காப்பர் ஆக்சைடு பொருட்களும் இதில்தான் சேரும். சுழல்கள் அசையாமல் இருந்தால் மின்தடை பூஜ்யம். நகர்ந்தால் பூஜ்யம் இல்லை. அவ்வளவுதான் விஷயம், ஆனால் இந்த ஒரு வரிக்குள் ஐம்பது வருட ஆராய்ச்சி இருக்கிறது.

சுழல் என்றால் எது சுழல்கிறது?

மின்னோட்டம். நடுவில் சில நானோமீட்டர் அகலத்துக்கு ஒரு மையம், அங்கே மீக்கடத்தும் தன்மை செத்துப்போயிருக்கும், மீக்கடத்தியில் ஜோடி ஜோடியாகப் போகும் எலக்ட்ரான்கள் அங்கே ஜோடி சேராமல் சாதாரணமாக இருக்கும். அதைச் சுற்றி ஜோடி எலக்ட்ரான்களின் மின்னோட்டம் வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வட்ட ஓட்டம்தான் உள்ளே புகுந்த காந்தப்புலத்தை ஒரு குழாய் மாதிரி இறுக்கிப் பிடித்து வைக்கிறது.

இரண்டு நீளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மையத்தின் ஆரம் ஒன்று, காந்தப்புலம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது இன்னொன்று. ஒய்.பி.சி.ஓ. என்று சொல்லப்படும் இட்ரியம்-பேரியம்-காப்பர் ஆக்சைடில், குறைந்த வெப்பநிலையில் மையம் சுமார் 1.5 நானோமீட்டர், புலம் பரவுவது சுமார் 150 நானோமீட்டர். நூறு மடங்கு வித்தியாசம். இந்தப் பொருட்களின் குணம், குறை எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

ஒரு சுழலுக்குள் எவ்வளவு காந்தப்பாயம் இருக்கும்?

காந்தப்பாயம் என்பது புலத்தைப் பரப்பால் பெருக்கியது. எந்தப் பொருளாக இருந்தாலும் ஒரு சுழலுக்கு ஒரே அளவு: பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வரும் எண். சுமார் 2.07 என்பதை 10இன் மைனஸ் 15ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் வெபர், இதற்குப் பாயக் குவாண்டம் என்று பெயர். "இரண்டு மடங்கு" வருவது எலக்ட்ரான்கள் ஜோடியாகப் போவதால்தான்.

அதனால் சுழல்களை எண்ணுவது சுலபம், புலத்தை இந்த எண்ணால் வகுத்தால் போதும். 1 டெஸ்லா புலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4,800 கோடி சுழல்கள், பக்கத்துப் பக்கத்துச் சுழலுக்கு இடையே சுமார் 49 நானோமீட்டர். பூமியின் காந்தப்புலத்திலேயே குளிர்வித்தாலும் ஒரு சதுர சென்டிமீட்டரில் இருபது லட்சத்துக்கு மேல் சிக்கிக்கொள்ளலாம். "சுழலே இல்லாத சாம்பிள்" என்று யாராவது சொன்னால் காந்தக் கவசம் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது?

இரண்டாம் வகையின் நடத்தையை முதலில் தெளிவாக அளந்தவர் லெவ் சுப்னிகோவ், 1930களின் நடுவில் கார்கிவ் நகரில், ஈய உலோகக் கலவைகளில். ஸ்டாலின் காலத்து வேட்டையில் 1937இல் அவரைக் கைது செய்து சுட்டுக் கொன்றார்கள். அந்த வேலை இன்னும் பத்து வருடம் தொடர்ந்திருந்தால் இந்தத் துறை எங்கே இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கோட்பாடு அலெக்சி அப்ரிகோசோவுடையது. 1950களின் தொடக்கத்திலேயே யோசனை வந்துவிட்டது, குரு லாண்டாவ் ஒப்புக்கொள்ளவில்லை, கட்டுரை வந்தது 1957இல்தான். சுழல்கள் சதுர வரிசையில் அமையும் என்று அதில் எழுதியிருந்தார், ஆற்றல் உண்மையில் குறைவாக இருப்பது முக்கோண வரிசைக்கு என்று பிறகு மற்றவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1967இல் ட்ராய்ப்ளேயும் எஸ்மானும் நுண்ணிய காந்தத் துகள்களைத் தூவி அந்த முக்கோண வரிசையைப் படமாகவே எடுத்துவிட்டார்கள். அப்ரிகோசோவுக்கு நோபல் பரிசு வந்தது 2003இல்.

சரி, சுழலை நகர்த்துவது எது?

நீங்கள் அனுப்பும் மின்னோட்டமேதான். மின்னோட்டம் ஒரு திசையில் போகிறது, சுழலின் காந்தப்புலம் அதற்குச் செங்குத்தாக நிற்கிறது, ஆகவே இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது திசையில் சுழல் மீது விசை. டேப்பின் நீளவாக்கில் மின்னோட்டம் என்றால் சுழல்கள் அகலவாக்கில் தள்ளப்படும், ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியேறும். மீட்டர் நீளச் சுழலுக்கு எவ்வளவு விசை என்பது மின்னோட்ட அடர்த்தியைப் பாயக் குவாண்டத்தால் பெருக்கினால் வருவது.

இங்கே பலர் தடுமாறும் இடம்: தேர்வில் "சுழல்கள் மின்னோட்டத்தின் திசையில் அடித்துச் செல்லப்படுகின்றன" என்று எழுதுகிறார்கள். ஆற்றல் இழப்பைத் தரும் முக்கிய அசைவு குறுக்குவாக்கில்தான். மின்னோட்டத் திசையிலும் கொஞ்சம் நகர்வு இருக்கும், அது ஹால் விளைவாக, அதாவது குறுக்குவாக்கில் ஒரு மின்னழுத்தமாகத் தெரியும், பெரும்பாலும் மிகச் சிறியது.

நகர்ந்தால் ஏன் மின்னழுத்தம் வருகிறது? அந்த ஆற்றல் எங்கே போகிறது?

நகரும் காந்தப்பாயம் மின்புலத்தை உண்டாக்கும், இது பாரடே காலத்து விஷயம். சுழல்களின் வேகத்தைக் காந்தப்புலத்தால் பெருக்கினால் மின்புலம் கிடைக்கும், அதுவும் மின்னோட்டம் போகும் அதே திசையில். மின்னோட்டமும் மின்புலமும் ஒரே திசையில் இருந்தால் அங்கே ஆற்றல் செலவாகிறது என்று அர்த்தம். அந்த ஆற்றலைக் கொடுப்பது உங்கள் பவர் சப்ளை.

எங்கே போகிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சேர்ந்தே சொல்லப்படுகின்றன. ஒன்று 1965இல் பார்டீனும் ஸ்டீபனும் கொடுத்தது. நகரும் சுழலின் மையத்துக்குள்ளும் மின்புலம் இருக்கிறது, மையத்தில் இருப்பவை ஜோடி சேராத சாதாரண எலக்ட்ரான்கள், அவை சாதாரண உலோகத்தில் போலவே மோதிச் சிதறி வெப்பத்தைக் கொடுக்கின்றன. இன்னொன்று டிங்கம் சுட்டிக்காட்டியது. சுழல் முன்னேறும்போது அதன் முன்பக்கத்தில் எலக்ட்ரான் ஜோடிகள் உடைய வேண்டும், பின்பக்கத்தில் திரும்பச் சேர வேண்டும். இது நொடியில் நடந்துவிடாது, கொஞ்சம் தாமதமாகும், அந்தத் தாமதத்தில் ஆற்றலின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்காமல் போகிறது. இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே அளவு இழப்பைத் தரும். கடைசியில் எலக்ட்ரான்களிடமிருந்து படிக அணிக்கோவையின் அதிர்வுகளுக்குப் போய், அங்கிருந்து டேப்பின் உலோக அடித்தளத்துக்கும், அதைச் சுற்றியுள்ள நைட்ரஜனுக்கும் வெப்பம் போய்ச் சேரும்.

மொத்தத்தில் சுழல் ஒரு பிசுபிசுப்பான ஊடகத்தில் நகர்வது போல நடந்துகொள்கிறது, வேகத்துக்கு நேர்விகிதத்தில் எதிர்விசை. இதைத் தடையாக மாற்றி எழுதினால் வரும் முடிவு ரொம்ப எளிது: சுழல்கள் சுதந்திரமாக ஓடும்போது கிடைக்கும் மின்தடை எண் (கம்பியின் நீளம், தடிமனைச் சாராத, பொருளுக்கே உரிய மின்தடை), சாதாரண நிலையின் மின்தடை எண்ணைக் காந்தப்புலத்தால் பெருக்கி மேல் மாறுநிலைப் புலத்தால் (மீக்கடத்தல் முழுசாக அழியும் புலம்) வகுத்தது. சுழல் மையங்கள் பொருளில் எத்தனை பங்கு இடத்தை அடைத்திருக்கின்றனவோ, அத்தனை பங்கு மின்தடை. காப்பர் ஆக்சைடுகளில் இது முழுக்கச் சரியாக வராது, ஏனென்றால் அங்கே நான்கு திசைகளில் ஆற்றல் இடைவெளியே (ஜோடியை உடைக்கத் தேவைப்படும் ஆற்றல்) இல்லை, மையத்துக்கு வெளியேயும் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் கிடைக்கும். ஆனாலும் அளவைக் கணிக்க இது போதும்.

எவ்வளவு பெரிய இழப்பு? மிகைப்படுத்துகிறீர்களா?

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒய்.பி.சி.ஓ.வின் சாதாரண நிலை மின்தடை எண் மாறுநிலை வெப்பநிலைக்கு (இதற்குக் கீழேதான் மீக்கடத்தல்) சற்று மேலே ஏறக்குறைய 100 மைக்ரோ ஓம்-சென்டிமீட்டர். 77 கெல்வினில், அதாவது திரவ நைட்ரஜனின் வெப்பநிலையில், மேல் மாறுநிலைப் புலம் 25 டெஸ்லா என்று வைத்துக்கொள்வோம். 1 டெஸ்லா புலத்தில் சுழல்கள் எந்தத் தடையும் இல்லாமல் ஓடினால் மின்தடை எண் 4 மைக்ரோ ஓம்-சென்டிமீட்டர் வரும். அதே 77 கெல்வினில் நல்ல செம்பின் மின்தடை எண் சுமார் 0.2.

அதாவது சுழல்களைப் பிடித்து நிறுத்தாவிட்டால் இந்த விலை உயர்ந்த மீக்கடத்தி செம்பை விட இருபது மடங்கு மோசமான கம்பி. இதைத்தான் பத்திரிகைச் செய்திகள் சொல்வதே இல்லை.

இன்னும் ஒரு படி போகலாம். நல்ல படலங்கள் தாங்கும் மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் ஆம்பியர் அளவு. அந்த மின்னோட்டத்தில் சுழல்கள் இப்படி ஓடினால் சென்டிமீட்டருக்கு 4 வோல்ட், சுழலின் வேகம் நொடிக்கு 400 மீட்டர், வெப்பம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 40 லட்சம் வாட். டேப்பில் மீக்கடத்திப் படலம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமன்தான் என்பதால் மொத்த வெப்பம் கட்டுக்குள் வருவது போலத் தோன்றும், ஆனால் அந்த இடத்தில் டேப் பொசுங்கிவிடும்.

சுழல்கள் நிஜமாகவே நகர்கின்றன என்று எப்படித் தெரியும்? மின்னழுத்தம் வேறு காரணத்தால் வரலாமே?

நியாயமான கேள்வி. இதற்கு எனக்குப் பிடித்த பதில் ஐவர் கியேவர் 1965இல் செய்த சோதனை. இரண்டு மெல்லிய வெள்ளீயப் படலங்கள், நடுவில் மிக மெல்லிய மின்காப்பு. ஒரு படலத்தில் மட்டும் நேர்மின்னோட்டம் அனுப்பினார், மின்காப்பு தாண்டி இருக்கும் இன்னொரு படலத்தில் நேர்மின்னழுத்தம் வந்தது. சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் நேர்மின்னோட்டத்துக்கு இப்படி வராது. முதல் படலத்தில் நகரும் சுழல்கள் பக்கத்துப் படலத்துச் சுழல்களையும் காந்தத்தால் சேர்த்து இழுத்துக்கொண்டு போனால்தான் வரும்.

அதற்குப் பிறகு நேரடியாகவே பார்த்துவிட்டார்கள். 1992இல் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா டோனோமுராவின் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நையோபியத்தில் சுழல்கள் அசைவதைப் படம் பிடித்தது, 2001இல் பிஸ்மத் காப்பர் ஆக்சைடிலும் பார்த்தது. 2009இல் ஸ்டான்ஃபோர்டில் கேத்ரின் மோலரின் குழு காந்த விசை நுண்ணோக்கியின் முனையால் ஒய்.பி.சி.ஓ.வில் ஒற்றைச் சுழலைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. நேராக இழுப்பதை விடப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இழுத்தால் அதிக தூரம் வருகிறது என்று தெரிந்தது. மாட்டிக்கொண்ட பொருளை ஆட்டி ஆட்டி எடுப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அப்படியானால் சுழல்களை நிறுத்துவது எப்படி?

குறைகளால். படிகத்தில் அணு விடுபட்ட இடம், வேற்றுப் பொருள் துகள், இரட்டைப் படிக எல்லை, அயனிகள் துளைத்துப் போன தடம், எதுவானாலும் சரி. அந்த இடத்தில் மீக்கடத்தும் தன்மை ஏற்கனவே குறைவாக இருக்கும். சுழல் தன் மையத்தை அங்கே வைத்துக்கொண்டால் புதிதாக ஜோடிகளை உடைக்கும் செலவு மிச்சம், எனவே அங்கேயே தங்கிவிடும். இதைப் பின்னிங் என்கிறார்கள்.

சாலைக் குழியில் சைக்கிள் சக்கரம் மாட்டுவதை யோசித்துப் பாருங்கள்: குழி விரல் அகலம்தான் என்றால் சக்கரத்துக்குத் தெரியவே தெரியாது, மைதானம் அளவு இருந்தால் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கலாம், சக்கரத்தின் அளவுக்கே இருந்தால்தான் மாட்டும். சுழலைப் பின்னிங் செய்யும் குறைபாடும் சுழல் மையத்தின் அளவுக்கு, அதாவது சில நானோமீட்டர் இருப்பதே நல்லது. நையோபியம்-டைட்டேனியம் கம்பியை இழுத்து இழுத்து டைட்டேனியம் படிவுகளை அந்த அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஒய்.பி.சி.ஓ.வில் படலம் வளரும்போதே பேரியம் சிர்கோனேட் சேர்த்தால் அது தானாகவே நானோ தூண்களாக நின்று வளரும், 2004 வாக்கில் வந்த இந்த வழி இன்று பல டேப்களில் சாதாரணமாகிவிட்டது. தூண் சுழலின் நீளவாக்கில் நிற்பதால் முழு நீளத்துக்கும் பிடி கிடைக்கும், புலம் சாய்ந்து வந்தால் பிடி குறையும். அதனால் தூணோடு சேர்த்து உருண்டைத் துகள்களும் போடுகிறார்கள்.

அளவுக்கு மீறினாலும் ஆபத்து. குறைகள் மின்னோட்டம் போகும் வழியையும் அடைக்கும், மாறுநிலை வெப்பநிலையும் இறங்கும்.

நையோபியம் கம்பிகள் எம்.ஆர்.ஐ.யில் பல வருடமாகப் பிரச்சினை இல்லாமல் ஓடுகின்றனவே. உயர்வெப்ப மீக்கடத்தியில் மட்டும் ஏன் இந்தத் தலைவலி?

மூன்று காரணங்கள், மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

முதலாவது வெப்பநிலை. 77 கெல்வினில் வெப்ப அசைவின் ஆற்றல், நையோபியம் கம்பிகள் ஓடும் திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் இருப்பதைப் போல 18 மடங்கு. இரண்டாவது, சுழல் மையம் சிறியது. ஒரு குறை பிடித்து வைக்கும் ஆற்றல் மையத்தின் கன அளவைப் பொறுத்தது, தூய நையோபியத்தில் சுமார் 40 நானோமீட்டர் இருக்கும் நீளம் இங்கே 1.5 நானோமீட்டர், மும்மடியாகும்போது பல ஆயிரம் மடங்கு சிறுத்துவிடுகிறது. ஆக பிடி தளர்ந்திருக்கிறது, ஆட்டமும் அதிகம்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது: இந்தப் பொருட்கள் அடுக்கு அடுக்கானவை. மீக்கடத்தல் முக்கியமாகக் காப்பர்-ஆக்சிஜன் தளங்களில் நடக்கிறது, தளங்களுக்கு நடுவே இணைப்பு பலவீனம். ஒய்.பி.சி.ஓ.வில் பரவாயில்லை, சுழல் ஓரளவு தொடர்ச்சியான இழைதான். பிஸ்கோ என்று கூப்பிடும் பிஸ்மத் வகையில் இணைப்பு அவ்வளவு பலவீனமாக இருப்பதால், சுழல் இழையாகவே இருப்பதில்லை. ஒவ்வொரு தளத்திலும் தனித்தனி வட்டச் சில்லுகள், ஒன்றன் மேல் ஒன்றாக லேசாக அடுக்கி வைத்தது போல. ஆராய்ச்சியாளர்கள் இவற்றைப் பான்கேக் சுழல்கள் என்கிறார்கள், 1991இல் ஜான் கிளெம் இதை விரிவாகக் கணக்கிட்டார். ஒரு சில்லு ஒரு குறையில் மாட்டினாலும் பக்கத்துத் தளத்துச் சில்லு அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடலாம். மேல்பக்கத்தில் மின்னோட்டம் செலுத்திக் கீழ்ப்பக்கத்தில் மின்னழுத்தம் அளக்கும் சோதனைகளில் பிஸ்கோவில் மேல் சுழல் ஓடும் வேகத்தில் கீழ் சுழல் ஓடுவதில்லை என்று தெளிவாகவே தெரிந்தது.

விளைவு: 77 கெல்வினில் ஒய்.பி.சி.ஓ. சுமார் 7 டெஸ்லா வரை மின்னோட்டத்தைத் தாங்கும், பிஸ்கோ 1 டெஸ்லாவுக்கு வெகு கீழேயே கைவிட்டுவிடும், அதன் மாறுநிலை வெப்பநிலை 110 கெல்வின் வரை போனாலும்கூட.

மின்னோட்டத்தைக் குறைத்து வைத்தால் சுழல்கள் முழுசாக நின்றுவிடுமா?

முழுசாக இல்லை, ஊர்ந்துகொண்டே இருக்கும். 1962இல் பிலிப் ஆண்டர்சனும் கிம்மும் சொன்னது இது. குறையில் மாட்டிய சுழலை மின்னோட்டம் ஒரு பக்கம் தள்ளுகிறது, தப்பிக்கப் போதுமான விசை இல்லை, ஆனால் வெப்ப அசைவு அவ்வப்போது ஒரு தள்ளு கொடுக்கிறது, சுழல் கட்டு ஒன்று அடுத்த குழிக்குத் தாவுகிறது. வளையத்தில் ஓடும் மின்னோட்டம் இதனால் மடக்கை விகிதத்தில் குறையும். பழைய கம்பிகளில் இதைக் கவனிக்கக் கஷ்டப்பட வேண்டும். 1988இல் யெஷுருனும் மலோசெமாஃபும் ஒய்.பி.சி.ஓ. படிகத்தில் அளந்தபோது கண்ணெதிரே குறைந்தது.

பொதுவாகக் காலம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் 5 சதவீதம் வரை மின்னோட்டம் போகலாம். முதல் நிமிடத்திலிருந்து பத்தாம் நிமிடத்துக்குள் 5 சதவீதம், பத்திலிருந்து நூறுக்குள் இன்னொரு 5 சதவீதம். தொடக்கத்தில் வேகம், போகப்போக மந்தம். லேபில் இதற்கு ஒரு சுலபமான தந்திரம் உண்டு: காந்தத்தை ஏற்றிய பிறகு வெப்பநிலையைச் சில டிகிரி கீழே இறக்குங்கள், ஊர்தல் ஏறக்குறைய நின்றுவிடும்.

ஆண்டர்சன்-கிம் கணக்குப்படி எவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கும் ஒரு துளி மின்தடை எப்போதும் இருக்கும். அப்படியானால் "பூஜ்யம்" என்பது புலத்தில் பொய்யா? 1989இல் மேத்யூ ஃபிஷர் வேறு ஒரு படம் கொடுத்தார்: குறைகள் தாறுமாறாக இருக்கும்போது சுழல்கள் கண்ணாடி போன்ற உறைந்த நிலைக்குப் போகும், மின்னோட்டம் குறையக் குறையத் தாவ வேண்டிய தடை உயர்ந்துகொண்டே போகும், ஆகவே மின்னோட்டம் பூஜ்யத்தை நெருங்கும்போது மின்தடையும் நிஜமாகவே பூஜ்யமாகும். அதே வருடம் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஒய்.பி.சி.ஓ. படலங்களில் எடுத்த அளவீடுகள் அதற்கு ஒத்து வந்தன.

சுழல்கள் "உருகுகின்றன" என்கிறார்களே?

ஆமாம், நிஜமாகவே. முக்கோண வரிசையில் நிற்கும் சுழல்கள் வெப்பத்தால் ஆடுகின்றன, ஆட்டம் இடைவெளியில் கணிசமான பங்கை எட்டினால் வரிசை குலைந்து திரவமாகிவிடும், பொருள் மீக்கடத்தியாக இருக்கும்போதே. சுத்தமான படிகத்தில் இது பனிக்கட்டி உருகுவது போன்ற முதல் தர மாற்றம். 1995இல் வைஸ்மான் நிறுவனத்தில் செல்டோவின் குழு காந்தப்புலத்தை அளக்கும் நுண்ணிய ஹால் உணரிகளால் பிஸ்கோவில் இதைப் பிடித்தது, அடுத்த வருடம் ஒய்.பி.சி.ஓ.வில் உள்ளுறை வெப்பத்தையே அளந்துவிட்டார்கள்.

சாம்பிளை அளப்பவர்களுக்கு இதன் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். குளிர்வித்துக்கொண்டே மின்தடையை வரைந்தால், புலம் இல்லாதபோது அது சட்டென்று விழும். புலத்தைக் கூட்டினால் வளைகோட்டின் மேல்பகுதி பெரிதாக இடம் மாறாது, கால்பகுதி மட்டும் விசிறி மாதிரி விரிந்து பல கெல்வின் வரை இழுத்துக்கொண்டே போகும். அந்த விசிறிப் பகுதி முழுக்கச் சுழல் திரவம்தான். மாறுநிலை வெப்பநிலை குறைந்துவிட்டது என்று அதைப் படிக்கக் கூடாது.

டேட்டாஷீட்டில் "மாறுநிலை மின்னோட்டம் 100 ஆம்பியர்" என்று போட்டிருந்தால் 100 வரை இழப்பே இல்லையா?

இல்லை. சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட் வரும் மின்னோட்டத்தை மாறுநிலை என்று வைத்துக்கொள்வது வெறும் வழக்கம். இந்த எண்ணைச் சுழல் வேகமாக மாற்றிப் பார்த்தால்தான் புரியும்: 1 டெஸ்லாவில் நொடிக்கு 0.1 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் அகல டேப்பைச் சுழல் கடக்க 40 நொடி. மெதுவாகத்தான், ஆனால் நிற்கவில்லை. 100 ஆம்பியரில் மீட்டருக்கு 10 மில்லிவாட் வெப்பம், ஒரு கிலோமீட்டருக்கு 10 வாட், அதை 77 கெல்வினிலிருந்து வெளியே எடுக்கக் குளிர்விப்பானுக்கு அதைப் போல பத்து முதல் இருபது மடங்கு மின்சாரம் வேண்டும்.

மின்னழுத்தம் மின்னோட்டத்தின் அடுக்காக ஏறும், 77 கெல்வினில் நல்ல டேப்புக்கு அடுக்கு 25 வாக்கில். ஆகவே 10 சதவீதம் குறைத்து 90 ஆம்பியரில் ஓட்டினால் மின்னழுத்தம் 14இல் ஒரு பங்காகும், 80க்கு இறக்கினால் 250இல் ஒரு பங்குக்கும் கீழே. மேல்பக்கமும் இதே கதைதான்: கொஞ்சம் அதிகமாக ஏற்றினால் சூடு, சூட்டில் பின்னிங் தளர்வு, தளர்ந்தால் இன்னும் சூடு. பழைய நையோபியம் கம்பியில் இப்படி ஓரிடம் கெட்டால் வேகமாகப் பரவி நமக்குத் தெரிந்துவிடும். இந்த டேப்பில் மிக மெதுவாகத்தான் பரவும், அதனால் கண்டுபிடிப்பதற்குள் அந்த ஒரே இடம் கருகிவிடுகிறது. புதிதாக வருபவர்கள் டேப்பை எரிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஏசியில் என்ன ஆகும்?

மோசமாகும். மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் சுழல்கள் உள்ளே வர வேண்டும், வெளியே போக வேண்டும், குறைகளிலிருந்து பிய்த்துக்கொண்டு. ஒவ்வொரு பிய்த்தலிலும் கொஞ்சம் வெப்பம். 1962இல் சார்லஸ் பீன் கொடுத்த மாதிரிப்படி ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று நிலையான இழப்பு, அதனால் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு ஐம்பது தடவை அது. வேடிக்கை என்னவென்றால், நேர்மின்னோட்டத்தில் நம்மைக் காப்பாற்றும் பின்னிங்கே இங்கே இழப்புக்குக் காரணம். டேப் அகலமாக இருந்து புலம் அதன் முகத்துக்குச் செங்குத்தாக வந்தால் இழப்பு அகலத்தோடு கூடும், அதனால் லேசரால் நீளவாக்கில் கீற்று கீற்றாகப் பிரிக்கிறார்கள். கேபிளில் நிலைமை பரவாயில்லை, வட்டமாக அடுக்கும்போது புலம் பெரும்பாலும் டேப்புக்கு இணையாகவே ஓடும். ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் 2014இல் போட்ட ஒரு கிலோமீட்டர், 10 கிலோவோல்ட் கேபிள் பிஸ்மத் டேப்தான், ஏசிதான்.

காந்தத்துக்கு மேலே தட்டு அந்தரத்தில் நிற்கும் வீடியோவில் ஆற்றல் இழப்பு உண்டா?

நிற்கும்போது ஏறக்குறைய இல்லை. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் 2011 வீடியோ பலர் பார்த்திருப்பீர்கள், நீலக்கல் தட்டின் மேல் மெல்லிய ஒய்.பி.சி.ஓ. படலம். தட்டு சாய்ந்த நிலையிலேயே நிற்கக் காரணம் மாட்டிக்கொண்ட சுழல்கள்தான், மைஸ்னர் விளைவு (புலத்தை வெளியே தள்ளுவது) மட்டும் என்றால் சறுக்கி விழுந்திருக்கும். வட்டப்பாதையில் ஓடினாலும் பாதை முழுக்கப் புலம் ஒரே மாதிரி இருப்பதால் சுழல்கள் நகர வேண்டியதில்லை. கையால் பிடித்து வேறு கோணத்துக்குத் திருப்பும்போது ஒரு இறுக்கம் தெரியும், அதுதான் சுழல்கள் பிய்ந்து இடம் மாறுவது, அப்போது சூடாகிறது.

மிக வேகமாக ஓடவிட்டால்?

ஒரு வேகத்துக்கு மேல் எதிர்விசை கூடாமல் குறையத் தொடங்கும். லார்கினும் ஓவ்சின்னிகோவும் 1975இல் கணித்தது. மின்புலம் மையத்து எலக்ட்ரான்களுக்கு ஆற்றல் ஏற்றி வெளியே துரத்துகிறது, மையம் சுருங்குகிறது, பிசுபிசுப்பு குறைகிறது, சுழல் இன்னும் வேகமெடுக்கிறது, மின்னழுத்தம் ஒரே தாவாகத் தாவுகிறது. 1990களில் ஒய்.பி.சி.ஓ. படலங்களிலும் இந்தத் தாவலை அளந்தார்கள். ஈயப் படலத்தில் 2017இல் எடுத்த படங்களில் நொடிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் சுழல்கள் பறந்தன. ஆனால் அளவீட்டில் தாவல் தெரிந்தால் உடனே லார்கின் பெயரைப் போடாதீர்கள், பாதி நேரம் அது வெறும் சூடேற்றம். மைக்ரோ நொடித் துடிப்பு மின்னோட்டத்தில் திரும்ப அளந்து பார்த்த பிறகு பேசலாம்.

அறை வெப்பநிலை மீக்கடத்தி கிடைத்தால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடுமா?

2023 ஜூலையில், அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று சொல்லப்பட்ட எல்.கே.-99 பற்றிய பரபரப்பு வந்தபோது எல்லோரும் "இனி இழப்பே இல்லாத மின்கம்பி" என்றுதான் எழுதினார்கள். அது மீக்கடத்தியே இல்லை என்று சில வாரங்களில் தெரிந்துவிட்டது, ஆனால் மீக்கடத்தியாகவே இருந்திருந்தாலும் அந்த வாக்கியம் தப்பு. 300 கெல்வினில் வெப்ப ஆட்டம் 77 கெல்வினைப் போல நான்கு மடங்கு. மாறுநிலை வெப்பநிலை உயர்ந்த பொருட்களில் சுழல் மையம் சின்னதாகவே இருக்கும், அதுவும் அடுக்குப் பொருளாக இருந்துவிட்டால் சுழல் திரவம்தான் மிஞ்சும். பாதரசக் காப்பர் ஆக்சைடைப் பாருங்கள், 1993இலேயே 130 கெல்வினைத் தாண்டியது, இன்றும் காந்தம் சுற்ற அதை யாரும் தொடுவதில்லை. மாறாக 92 கெல்வினில் நிற்கும் ஒய்.பி.சி.ஓ. குடும்பம்தான் ஜெயித்தது, அதையும் பெரிய புலத்துக்கு நைட்ரஜனில் ஓட்டுவதில்லை. 2021 செப்டம்பரில் எம்.ஐ.டி.யும் காமன்வெல்த் ஃபியூஷன் நிறுவனமும் இணைவு உலைக்காக 20 டெஸ்லா காந்தத்தை ஓட்டிக் காட்டியபோது அதை வைத்திருந்தது 20 கெல்வினில், சுழல்கள் இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பதற்காக.